கணக்கில் கெட்டி, கண்டிப்பில் தயக்கம்: பால்டிக் கடலுக்கு ஹெல்காம் ஆற்றும் சேவை

பால்டிக் கடல் சூழல் பாதுகாப்பு ஆணையத்தை ஹெல்காம் என்ற சுருக்கப் பெயரால்தான் எல்லோரும் அழைக்கிறார்கள். ஹெல்சின்கியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பு, ஒரே கடலின் கரையில் வாழும் நாடுகள் அந்தக் கடலில் கலக்கும் மாசைச் சேர்ந்து கட்டுப்படுத்துவதற்காக அமைத்துக்கொண்ட பொதுச் சேவை. மாசு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று கணக்கெடுப்பதும், அதைக் குறைப்பதற்கான பொது விதிகளை வகுப்பதும், கடலில் எண்ணெய் கொட்டினால் ஒருவருக்கொருவர் உதவிக்கு வர ஏற்பாடு செய்வதும் இதன் முதன்மையான பணிகள். செலவு உறுப்பு நாடுகளின் பொதுப்பணத்திலிருந்து வருகிறது. அறிக்கைகளையும் தரவுகளையும் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவற்றைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகனின் மதிப்பீடு இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கெடுப்பில் இதற்கு இணையான கடல் அமைப்பு அரிது, ஆனால் கணக்கு காட்டிக்கொடுக்கும் நாட்டின் கையைப் பிடித்து நிறுத்த இதற்கு அதிகாரம் இல்லை.

சேவையை எடைபோடுவதற்கு முன் அது கையாளும் கடலைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பால்டிக் ஏறத்தாழ 4,20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. சராசரி ஆழம் 50 மீட்டரைச் சற்றே தாண்டும். வெளிக்கடலோடு அதற்குள்ள தொடர்பு டென்மார்க்கை ஒட்டிய குறுகலான நீரிணைகள் மட்டுமே. அவற்றின் அடியில் மேடிட்டுக் கிடக்கும் டார்ஸ் திட்டின் மேல் 18 மீட்டரும், கோபன்ஹேகன் அருகேயுள்ள ட்ரோக்டன் திட்டின் மேல் சுமார் 8 மீட்டரும்தான் நீர் நிற்கிறது. ஆகவே கடல்நீர் முழுவதும் மாறுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. இதில் வடியும் நிலப்பரப்போ கடலைப்போல் நான்கு மடங்கு. 14 நாடுகளில் விரிந்து கிடக்கும் அந்த நிலத்தில் சுமார் 8.5 கோடி மக்கள் வாழ்கிறார்கள். ஆற்றுநீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் தனித்தனி அடுக்காக நிற்பதால், 2014 டிசம்பரில் நிகழ்ந்ததைப் போல வட கடலின் நீர் பெருமளவில் உள்ளே பாயும் அபூர்வமான தருணங்களில்தான் ஆழப்பகுதிக்குப் புதிய ஆக்சிஜன் சென்று சேர்கிறது. வயல்களிலிருந்தும் சாக்கடைகளிலிருந்தும் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியை வளர்க்கின்றன. பாசி மடிந்து அடியில் படிந்து, இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகிறது. பால்டிக்கின் தலையாய நோய் இதுதான். எந்த ஒரு நாடும் தன் கரையை மட்டும் சுத்தப்படுத்தி இதிலிருந்து தப்பிவிட முடியாது என்பதே ஹெல்காம் இருப்பதற்கான காரணம்.

ஹெல்சின்கி ஒப்பந்தம் 1974 மார்ச்சில் கையெழுத்தானது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சோவியத் ஒன்றியமும் போலந்தும் கிழக்கு ஜெர்மனியும் ஒரு பக்கமும், மேற்கு ஜெர்மனியும் டென்மார்க்கும் மறுபக்கமும், அணிசேராத சுவீடனும் பின்லாந்தும் இடையிலுமாக ஒரே மேசையில் அமர்ந்தன என்பதே பெரிய செய்தி. நிலம், கப்பல், காற்று ஆகிய எல்லா வழிகளிலும் ஒரு கடலுக்குள் வரும் மாசை ஒரே ஒப்பந்தத்தின்கீழ் கொண்டுவந்ததும் அதுவே முதல்முறை. ஆனால் அன்றைய அரசுகள் தங்கள் உள்நாட்டு நீர்ப்பகுதிகளை ஒப்பந்தத்துக்கு வெளியே வைத்துக்கொண்டன. மாசு மிகுதியாகச் சேரும் துறைமுகங்களும் வளைகுடாக்களும் அங்கேதான் இருந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1992-ல் எழுதப்பட்டு 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தம் அந்த ஓட்டையை அடைத்தது. இன்று ஒன்பது கரையோர நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமுமாகப் பத்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி அதன் கணக்கேடு. கடலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நலமாக இருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ளே வரலாம் என்று கணினி மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். 2013-ல் திருத்தப்பட்ட கணக்கின்படி கடல் முழுவதற்குமான வரம்பு பாஸ்பரஸ் 21,716 டன், நைட்ரஜன் 7,92,209 டன். 2021-ல் இந்த வரம்பை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் பங்கிட்டு உச்சவரம்புகளாக அறிவித்தார்கள். எந்த நாடு எந்தப் பகுதியில் தன் பங்கைத் தாண்டியிருக்கிறது என்பதை இப்போது எவரும் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். அண்டை நாடுகள் பரஸ்பரம் இப்படிக் கணக்குக் காட்டிக்கொள்ளச் சம்மதிப்பது சாதாரணமான விஷயமல்ல.

கணக்கு எழுதும் முறையிலும் நேர்த்தி இருக்கிறது. மழை மிகுந்த ஆண்டில் ஆறுகள் நிலத்தைக் கழுவி அதிக உரத்தைக் கொண்டுவரும். வறண்ட ஆண்டில் அளவு தானாகவே குறையும். வானம் பொய்த்ததால் கிடைத்த குறைவை ஓர் அரசு தன் சாதனையாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, ஆற்றின் நீரோட்டத்துக்கு ஏற்பச் சமன்செய்த எண்களையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். காற்றின் வழியாக வந்து விழும் நைட்ரஜனையும் விட்டுவிடுவதில்லை. மொத்த நைட்ரஜன் வரவில் ஏறத்தாழ கால் பங்கு அந்த வழியில்தான் வருகிறது, அதில் ஒரு பகுதி பால்டிக் கரையிலேயே இல்லாத நாடுகளின் வாகனப் புகையிலிருந்தும் மாட்டுப்பண்ணைகளிலிருந்தும் கிளம்பி வருவது. நேர்மையான கணக்கப்பிள்ளை முதலாளியின் முகத்துக்கு அஞ்சாமல் பேரேட்டை எழுதுவதைப் போல, தன்னை நடத்தும் அரசுகளின் தவறுகளையே இந்த அமைப்பு அச்சிட்டு வெளியிடுகிறது. அதற்காகவே இதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

ஆனால் அந்தப் பேரேட்டைச் சாதாரண வாசகர் படிப்பது எளிதன்று. ஆணையத்தின் அலுவல் மொழி ஆங்கிலம். அறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. எஸ்தோனிய மீனவரோ போலந்து விவசாயியோ தம் ஆற்றைப் பற்றிய கணக்கைத் தம் மொழியில் படிக்க விரும்பினால் தேசிய நிறுவனங்களை நாட வேண்டியிருக்கிறது. வரைபடச் சேவையில் கப்பல் போக்குவரத்து, பாதுகாக்கப்பட்ட பகுதிகள், மாசு நிலை என்று அடுக்கடுக்காகத் தரவுகள் இருந்தாலும், எந்த அடுக்கை எதற்காகத் திறக்க வேண்டும் என்று வழிகாட்டும் குரல் அங்கே இல்லை. துறை அறிந்தவருக்கு அது புதையல், அறியாதவருக்குக் காடு. காலத்தாழ்வும் ஒரு குறை. 2016 முதல் 2021 வரையிலான நிலையை மதிப்பிடும் மூன்றாவது முழுமை அறிக்கை 2023-ல்தான் வெளிவந்தது. பத்து தரப்புகள் ஒப்புக்கொள்ளும் எண்களைத் திரட்டுவதற்கு நேரம் பிடிக்கும் என்பது புரிகிறது என்றாலும், கொள்கை வகுப்பவர் எப்போதும் பழைய படத்தைப் பார்த்தே முடிவெடுக்க நேர்கிறது.

நிலை அறிக்கைகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018-ல் வெளியான இரண்டாவது முழுமை மதிப்பீடு, கடற்பரப்பில் குறைந்தது 97 சதவீதம் ஊட்டச்சத்துப் பெருக்கத்தால், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்துபோனதால், நலம் குன்றியிருப்பதாகக் கூறியது. செய்தித்தாள்களில் அந்த எண் மட்டும் எடுபட்டு, நாற்பது ஆண்டு உழைப்பு வீண் என்ற எண்ணம் பரவியது. உண்மையில் பல அளவுகோல்களை வைத்து மதிப்பிட்டு, அவற்றில் மிக மோசமானது எதுவோ அதையே இறுதி மதிப்பெண்ணாகக் கொள்ளும் முறை அது. ஒரு பாடத்தில் தேறாவிட்டால் மொத்தத் தேர்விலும் தோல்வி. எச்சரிக்கையாக இருப்பதற்கு அம்முறை நல்லது. ஆனால் 1980-களில் உச்சம் தொட்ட ஊட்டச்சத்து வரவு அதற்குப் பிறகு கணிசமாகக் குறைந்திருப்பதை அந்த ஒற்றை எண் முழுக்க மறைத்துவிடுகிறது. தன் வெற்றியை எடுத்துச் சொல்லத் தெரியாத சேவை என்ற குறையை நான் ஹெல்காம்மீது வைப்பது இதனால்தான்.

வெற்றிகள் இல்லாமல் இல்லை. 1992-ல் பால்டிக்கைச் சுற்றி மாசு மிகுதியாக வெளிப்படும் 132 இடங்களை அடையாளம் கண்டு பட்டியலிட்டார்கள். குறைகள் சரிசெய்யப்பட்டால்தான் ஓர் இடம் பட்டியலிலிருந்து நீங்கும். தம் நகரின் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பது மேயர்களுக்கு உறுத்தலாகவும், வளர்ச்சி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கத் தகுந்த திட்டமாகவும் அமைந்தது. இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க். ஐம்பது லட்சம் மக்கள் வாழும் அந்த நகரின் கழிவுநீரில் பெரும்பகுதி ஒரு காலத்தில் அப்படியே நேவா ஆற்றிலும் பின்லாந்து வளைகுடாவிலும் கலந்தது. பல நாடுகளின் பணமும் வங்கிக் கடனும் சேர்ந்து கட்டிய தென்மேற்குச் சுத்திகரிப்பு நிலையம் 2005-ல் திறக்கப்பட்டது. பின்னர் பாஸ்பரஸை நீக்கும் வசதிகளும் அங்கு சேர்ந்தன. வளைகுடாவுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய நன்மை இது என்று சொன்னால் மிகையில்லை. அந்தப் பணத்தைப் பின்லாந்து தன் சொந்தக் கரையிலேயே செலவழித்திருந்தால் இதில் ஒரு பங்கு பயன்கூடக் கிடைத்திருக்காது.

கப்பல்கள் விஷயத்திலும் சேவை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. விமானங்களிலிருந்து கண்காணித்ததில் 1989-ல் மட்டும் 763 எண்ணெய்க் கசிவுகள் பதிவாயின. போக்குவரத்து பெருகிய பிறகும் அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இதன் பின்னால் உள்ள உத்தி எளிமையானது. கப்பல் தன் எண்ணெய்க் கழிவைத் துறைமுகத்தில் இறக்கினாலும் இறக்காவிட்டாலும் அதற்கான கட்டணம் துறைமுகக் கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். தனியே பணம் கேட்பதில்லை. இறக்கினால் செலவு என்ற நிலை போனதும், நள்ளிரவில் கடலில் கொட்டிவிட்டுப் போவதில் இருந்த இலாபமும் போனது. மனித இயல்பை அறிந்து வகுத்த விதி என்பேன். கப்பல் புகைக்கு உலகிலேயே முதன்முதலில் கந்தகக் கட்டுப்பாட்டுப் பகுதியாக நடைமுறைக்கு வந்தது பால்டிக்தான், 2006-ல். எரிபொருளில் இருக்கலாகும் கந்தகத்தின் அளவு 2015 முதல் 0.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பயணிகள் கப்பல்கள் சுத்திகரிக்காத கழிவறை நீரை இந்தக் கடலில் விடுவதற்கான தடையும் படிப்படியாக முழுமை பெற்றது.

இந்த இரண்டு துறைகளிலும் விதிக்குக் கண்டிப்பைக் கொடுத்தது ஹெல்காம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெல்காமின் பரிந்துரைகள் எல்லா உறுப்பினரும் ஒப்புக்கொண்டால்தான் நிறைவேறும். நிறைவேறினாலும் மீறுபவருக்குத் தண்டனை கிடையாது. கப்பல் விதிகளை உலகக் கடல்சார் அமைப்பிடம் கொண்டுசென்று சட்டமாக்கிய பிறகே அவை எல்லாக் கொடியேந்திய கப்பல்களையும் கட்டுப்படுத்தின. நகரக் கழிவுநீருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 சட்டம் பின்புலமாக நின்றது. ஒன்றியம் பெரிய நிலையங்களுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் வரை அனுமதித்தபோது, ஹெல்காம் 2007-லேயே 0.5 மில்லிகிராம் போதும் என்று பரிந்துரைத்து அளவுகோலை உயர்த்தியது. துணி துவைக்கும் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்குமாறு ஹெல்காம் சொன்னதற்கும், 2013-ல் ஒன்றியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியதற்கும் இடையிலும் இதே வரிசைதான். முதலில் கணக்கும் கருத்தொற்றுமையும் இங்கே உருவாகும், கண்டிப்பு வேறிடத்திலிருந்து வரும்.

அப்படிக் கண்டிப்பு வந்து சேராத துறை விவசாயம். இன்று கடலுக்கு வரும் ஊட்டச்சத்தில் மிகப் பெரிய பங்கு வயல்களிலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வருகிறது. குழாய் வழியே வெளியேறும் சாக்கடையை ஒரு நிலையம் கட்டித் தடுத்துவிடலாம். லட்சக்கணக்கான வயல்களிலிருந்து ஒவ்வொரு மழையிலும் கசிந்து வருவதைத் தடுக்க, எப்போது எரு இடுவது, ஓடையோரம் எவ்வளவு நிலத்தை உழாமல் விடுவது, ஓர் ஏக்கருக்கு எத்தனை மாடு என்று உழவரின் அன்றாட முடிவுகளில் தலையிட வேண்டும். ஒன்றியத்தின் விவசாய மானியக் கொள்கையை வகுக்கும் அறையில் ஹெல்காமுக்கு இருக்கை இல்லை. மானியம் ஒரு திசையில் இழுக்க, பரிந்துரை மறுதிசையில் கெஞ்சிக்கொண்டிருக்கிறது. விஸ்துலா, ஓடர் ஆறுகள் பாயும் போலந்து, ஏறக்குறைய நாடு முழுவதும் பால்டிக் வடிநிலத்துக்குள் அடங்கியது. ஆகவே மொத்த அளவில் அதன் பங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் ஆளுக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் விரல் வேறு பக்கமும் நீளும். இந்தப் பங்கீட்டுத் தகராறில் ஹெல்காம் நடுவராக இல்லாமல் எழுத்தராகவே நின்றுவிடுவதுதான் என் முதன்மையான குறை.

தவணை தள்ளிப்போவதும் இதன் விளைவே. 1988-ல் அமைச்சர்கள் கூடி, 1995-க்குள் ஊட்டச்சத்து வரவைப் பாதியாக்குவோம் என்றார்கள். எல்லா இடத்திலும் அது நடக்கவில்லை. 2007-ல் போலந்தின் கிராகோவ் நகரில் ஏற்கப்பட்ட பால்டிக் கடல் செயல்திட்டம், 2021-க்குள் கடலை நல்ல நிலைக்குக் கொண்டுவருவதாக உறுதியளித்தது. 2021 அக்டோபரில் ஜெர்மனியின் லூபெக் நகரில் கூடியபோது இலக்கு எட்டப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, 199 நடவடிக்கைகளுடன் 2030 வரைக்குமான புதிய திட்டத்தை ஏற்றார்கள். தவறியதை மூடி மறைக்காமல் சொன்னது பாராட்டத்தக்கது. ஆனால் தவணை தவறியதற்கு எந்த நாடும் விலை கொடுக்கவில்லை.

ஹெல்காம்மீது சுமத்தக் கூடாத பழியும் ஒன்று உண்டு. கடலடிச் சேற்றில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பாஸ்பரஸ், ஆக்சிஜன் தீர்ந்த ஆழங்களிலிருந்து மீண்டும் மீண்டும் நீரில் கரைந்து மேலே வருகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாமே பிடித்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிகளுக்கு அந்த பாஸ்பரஸ் போதும். ஆகவே இன்றே எல்லா வரவையும் வரம்புக்குள் கொண்டுவந்தாலும் கடல் தேறுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். மாறாக, டிடிடி, பிசிபி போன்ற நச்சுகளைத் தடைசெய்ததன் பலன் விரைவிலேயே கண்ணுக்குத் தெரிந்தது: முட்டையின் ஓடு மெலிந்து அழியவிருந்த வெண்வால் கடற்கழுகும், மலடாகிப்போன சாம்பல்நிறக் கடல்நாயும் மீண்டும் பெருகியுள்ளன. ஆனாலும் வடபகுதியின் கொழுப்பு மிகுந்த மத்தி இன மீன்களில் டயாக்சின் என்ற நச்சு இன்னமும் வரம்பைத் தாண்டுவதால், அவற்றை விற்க சுவீடனும் பின்லாந்தும் ஒன்றியத்திடம் விதிவிலக்குப் பெற்றிருக்கின்றன.

விபத்து உதவிச் சேவையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. அது நன்றாக இருக்கிறது. பொதுவான கையேடு, உதவிக்கு வருபவருக்குச் செலவைத் திருப்பித் தரும் ஏற்பாடு, 1989 முதல் நடந்துவரும் பாலெக்ஸ் டெல்டா கூட்டுப் பயிற்சி எல்லாம் ஒழுங்காக உள்ளன. 2001 மார்ச்சில் டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் இடையே பால்டிக் கேரியர் என்ற கப்பலிலிருந்து 2,700 டன் எண்ணெய் கொட்டியபோது, அதே ஆண்டிலேயே அமைச்சர்கள் கூடிக் கப்பல் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். கப்பல்களின் நகர்வைத் தானியங்கிச் சமிக்ஞைகளால் கரையிலிருந்து தொடரும் வலையமைப்பு 2005-ல் இயங்கத் தொடங்கியது. ஓர் ஒப்பீடு போதும்: கருங்கடலுக்கும் 1992 முதல் புக்கரெஸ்ட் ஒப்பந்தம் உண்டு, ஆறு கரையோர நாடுகளும் அதில் உறுப்பினர்கள்; ஆனால் பால்டிக்கில் இருப்பதைப் போல நாடு வாரியான உச்சவரம்புக் கணக்கு அங்கே இல்லை.

இன்றைய நிலையில் சேவையை உலுக்குவது 2022-ல் ரஷ்யா உக்ரைன்மீது தொடுத்த போர். பனிப்போரில்கூடத் தொடர்ந்த பேச்சு இப்போது நின்றிருக்கிறது. ஒப்பந்தத்தில் ரஷ்யா இன்றும் உறுப்பினர்தான்; ஆனால் மற்ற ஒன்பது தரப்புகளும் அதனுடன் அமர்வதை நிறுத்திவிட்டு, தமக்குள் முறைசாராக் கலந்தாய்வுகளை நடத்திவருகின்றன. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்ற விதி உள்ள இடத்தில், ஒருவருடன் பேச்சே இல்லை என்றால் புதிய பரிந்துரைகள் பிறப்பது கடினம். பால்டிக்கில் விழும் ஆறுகளிலேயே பெரியதான நேவாவும் கலினின்கிராட் கரையும் அந்தப் பக்கம் இருக்க, சேர்ந்து மாதிரி எடுத்துச் சரிபார்க்கும் வழி அடைபட்டதால் கணக்கேட்டின் நம்பகம் குறையும் என்ற கவலை எனக்கு உண்டு. இதற்கிடையே காப்பீடு எப்படிப்பட்டது என்றே தெரியாத பழைய எண்ணெய்க் கப்பல்கள் ரஷ்யத் துறைமுகங்களிலிருந்து இந்தக் குறுகலான வழியாகப் போய்வந்துகொண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடலில் வீசப்பட்டு, பெரும்பாலும் போர்ன்ஹோம், காட்லாந்து தீவுகளை ஒட்டிக் கிடக்கும் சுமார் 40,000 டன் இரசாயன வெடிபொருள்களைப் பற்றி ஹெல்காம் நல்ல ஆவணங்களைத் தொகுத்திருக்கிறது. எடுப்பது யார் பொறுப்பு என்பதற்குத்தான் இன்னும் ஆவணம் இல்லை.

ஆய்வாளருக்கும் சூழல் செய்தியாளருக்கும், வேறு கடல்களில் இத்தகைய அமைப்பை உருவாக்க நினைக்கும் அதிகாரிகளுக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பளபளப்பான சுருக்க அறிக்கைகளிலிருந்து தொடங்க வேண்டாம். அவற்றில் நாடுகளின் பெயர்கள் நாகரிகமாக மறைந்துவிடும். உச்சவரம்பு மதிப்பீட்டு அட்டவணைகளைத் திறந்து, ஒரே ஒரு கடற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பாஸ்பரஸ் வரிசையை நாடு நாடாகப் படித்தால் விவகாரம் முழுவதும் விளங்கிவிடும். பரிந்துரைகளைப் படிக்கும்போது, அதே பொருளில் ஒன்றியச் சட்டமோ உலகக் கடல்சார் அமைப்பின் விதியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதன் நடைமுறைப் பலத்தைக் குறைத்தே மதிப்பிடலாம். வரும் கோடையில் எந்தக் கடற்கரையில் பாசி படர்ந்திருக்கும் என்று அறிய விரும்புபவர்களுக்கு ஹெல்காம் ஏற்ற இடமல்ல. அந்தத் தகவலைப் பின்லாந்தின் சூழல் ஆய்வு நிறுவனமும் சுவீடனின் வானிலை நிறுவனமும் கோடைக்காலத்தில் வெளியிடுகின்றன.